ஓசியில் கிடைத்த ஓசை

எங்கள் வீட்டில் இரவு பதினொரு மணிக்குமேல்தான் எனக்கென்று ஒரு மேசை கிடைக்கும். அதுவரை அது சாப்பாட்டு மேசை, தங்கையின் படிப்பு மேசை, அம்மா கீரை ஆயும் மேசை. எல்லாரும் படுத்த பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறப்பேன். அதில் எல்எம்எம்எஸ் என்று ஒரு மென்பொருள். எஃப்எல் ஸ்டூடியோ வாங்கக் காசில்லாதவர்களும், திருட்டுப் பிரதி போட்டு வைரஸ் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் கடைசியில் வந்து சேரும் இடம் அது. நான் இரண்டாவது வகை.

ஒரு வரிக்குப் பதினாறு கட்டம். முதல் கட்டத்தில் கிக். ஐந்தாவதிலும் பதின்மூன்றாவதிலும் ஸ்னேர். ஒன்றுவிட்டு ஒன்றில் ஹை-ஹேட். பத்து நிமிடத்தில் தலையாட்ட வைக்கிற ஏதோ ஒன்று வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். மென்பொருளோடு வந்த ஒலிகள் ஒரு வாரத்தில் சலித்துப்போகும். அப்புறம் தேட ஆரம்பிப்போம். இலவச கிக், இலவச ஸ்னேர், இலவச மழை, இலவச ரயில். இந்த மூன்று வருடத்தில் என் வட்டில் பதினெட்டு ஜிபி ஒலிகள் சேர்ந்திருக்கின்றன. பாட்டு என்று வெளியே சொல்லிக்கொள்ளும்படி முடித்தது நான்கு.

இந்தக் கட்டுரை அந்தப் பதினெட்டு ஜிபியைப் பற்றியது. ஒரு கவிதைத் தொகுப்பை விமர்சிப்பதுபோல ஒரு சாம்பிள் தொகுப்பை விமர்சிக்க முடியுமா என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் முடியாது? தொகுத்தவருக்கு ஒரு ரசனை இருக்கிறது. ஒரு வரிசை இருக்கிறது. விடுபடல் இருக்கிறது. 'ரீட்மீ' என்ற பெயரில் யாரும் படிக்காத ஒரு முன்னுரைகூட இருக்கிறது. முக்கியமாக, ஒவ்வொரு ஒலிக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தலைப்பு வைத்திருக்கிறார்.

அந்தத் தலைப்புகள்தான் என்னை முதலில் உறுத்தின. ஒருநாள் இறக்கிய ஒரு தொகுப்பில் 'எத்னிக்' என்றொரு கோப்புறை. அதற்குள்ளே 'ட்ரைபல் ட்ரம் 04'. சும்மா தட்டிப் பார்த்தேன், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பறை. சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் அந்தக் கனத்த அடிக்குப் பின்னால் சுளீரென்று விழுகிற மெல்லிய குச்சியை எங்கள் ஊர்க்காரன் எவனும் வேறொன்றாகக் கேட்க மாட்டான். எந்த ஊரில், யார் அடித்தது, எதற்கு அடித்தது, ஒன்றும் இல்லை. நான்காம் எண். சரி, வெளிநாட்டுக்காரனுக்கு என்ன தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து நம்ம பையன்களே போட்ட ஓர் இலவசத் தொகுப்பு கிடைத்தது. அதில் அதே வாத்தியம். பெயர் 'சாவுக்குத்து லூப்', பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மை.

*

இலவசம் என்பதற்குத் தமிழில் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் ஓசி. கம்பெனி காலத்துத் தபால் உறை முத்திரையிலிருந்து வந்த சொல் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை ரொம்ப நன்றாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம். ஓசி என்று சொல்லும்போது கொடுப்பவர் முகத்தில் ஒரு சுளிப்பும் வாங்குபவர் முகத்தில் ஒரு வெட்கங்கெட்ட சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன. அடுத்தது இலவசம். டிவி, மிக்ஸி, மடிக்கணினி. (இந்தக் கட்டுரையை அடிக்கும் கணினியே அப்படி வந்ததுதான்.) அதில் கொடுப்பவர் படம் ஒட்டியிருக்கும். மூன்றாவது, நம் மென்பொருள் ஆர்வலர்களும் தமிழ் விக்கிப்பீடியாவும் பழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்: கட்டற்ற. விலையைப் பற்றிப் பேசாத சொல் அது. எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம், யாரும் கையைக் கட்டக்கூடாது என்பது அதன் பொருள்.

நான்காவதாக ஒன்று உண்டு, அது நமக்கே உரியது. நாட்டுடைமை. 1949இல் சென்னை அரசு பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் அப்படி ஆக்கப்பட்டிருக்கின்றன. இன்றைக்கு அரசு ஒருவர் எழுத்தை நாட்டுடைமையாக்கினால் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை என்று ஒன்றைக் கொடுக்கிறது. பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ஆனால் அட்டையில் பெயர் அவருடையதுதான். காசு கொடுத்து, பெயரை வைத்துக்கொண்டு, அதன்பின் எல்லாருக்கும் திறந்துவிடுவது.

இப்போது அந்தப் பதினெட்டு ஜிபியை இந்த நான்கு சொற்களை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பங்கு ஓசி. எங்கிருந்தோ வெட்டி எடுத்து, யாரோ தொகுத்து, யார் யாருக்கோ கொடுத்தது. அடுத்த பங்கு இலவசம். மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் ஐம்பது ஒலி, அப்புறம் தினம் ஒரு விளம்பர மடல். அதில் 'ராயல்டி ஃப்ரீ' என்று போட்டிருக்கும். அதற்கு விலை இல்லை என்று அர்த்தம் கிடையாது, ஒருமுறை வாங்கினால் ஒவ்வொரு முறையும் பங்கு கேட்க மாட்டோம் என்றுதான் அர்த்தம். இது தெரியாமல் நான் பட்ட பாடு தனிக்கதை. ஓர் இலவச லூப்பை அப்படியே போட்டு ஒரு பீட் செய்து காணொளித் தளம் ஒன்றில் ஏற்றினேன். இரண்டாம் நாளே இன்னொருவர் பாட்டை நான் திருடிவிட்டதாக நோட்டீஸ். அந்த இன்னொருவரும் அதே லூப்பைத்தான் எடுத்திருக்கிறார், எனக்கு முன்னால் பதிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

கட்டற்றது என்ற பங்கு சின்னது, ஆனால் அதுதான் உருப்படி. 2005இல் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் இசைத் தொழில்நுட்பக் குழு ஃப்ரீசவுண்ட் என்ற தளத்தைத் தொடங்கியது. ஒரு கணக்கு திறந்துகொண்டால் இறக்கலாம். ஒவ்வொரு ஒலிக்கும் பக்கத்தில் அதன் உரிமம் எழுதியிருக்கும்: சிசி ஜீரோ என்றால் எந்த நிபந்தனையும் இல்லை, இன்னொன்று பெயர் சொல்லிப் பயன்படுத்து என்கிறது, மற்றொன்று பெயரும் சொல்லு, வியாபாரமும் பண்ணாதே என்கிறது. அயோவா பல்கலைக்கழகத்தார் 1997இலிருந்து எதிரொலியற்ற அறையில் வயலினையும் குழலையும் ஒவ்வொரு சுரமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள், யாரும் எடுக்கலாம். பிபிசி 2018இல் 16,000க்கும் மேற்பட்ட ஒலிகளைத் திறந்துவிட்டது. ஆனால் அது படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் சொந்த உபயோகத்துக்கும் மட்டும். அந்த மழையைப் போட்டு நீங்கள் பாட்டு விற்க முடியாது. பதிவிறக்கும்போதே ஒரு நோட்டில் உரிமத்தையும் எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து எந்தப் பறவை யாருடைய பறவை என்று கண்டுபிடிக்க முடியாது, பட்டவன் சொல்கிறேன்.

*

சாம்பிள் என்றாலே எல்லாரும் தொடங்கும் இடத்துக்கு நானும் வந்தாக வேண்டும். 1969இல் அமெரிக்காவில் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. முன்பக்கத்தில் இருந்த பாட்டுக்குக் கிராமி விருதே கிடைத்தது. பின்பக்கத்தில் இடத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்று ஒரு வாத்திய இசை. அதில் ஒரு நிமிடம் 26ஆவது வினாடியில் மற்ற எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். டிரம்ஸ் மட்டும் சுமார் ஏழு வினாடி. வாசித்தவர் கிரெகரி கோல்மன்.

அந்த ஏழு வினாடியை ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நான்கு சுற்று. முதல் இரண்டும் ஒழுங்காகப் போகின்றன. மூன்றாவதில் ஒரு ஸ்னேர் அடி வர வேண்டிய இடத்தில் வராமல் கொஞ்சம் தாமதித்து வருகிறது. நான்காவதில் முதல் அடியே இல்லை. நாம் காலை வைக்கும் இடத்தில் படி இல்லாததுபோல் ஆகிறது. விழப்போகிற நேரத்தில் சிம்பல் ஒன்று முந்திக்கொண்டு வெடிக்கிறது. இந்தத் தடுமாற்றத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1986இல் டிஜேக்களுக்கான ஒரு தொகுப்புத் தட்டில் இது இடம்பெற்ற பிறகு ஹிப்-ஹாப்காரர்கள் எடுத்தார்கள், பிறகு இங்கிலாந்தில் ஜங்கிள் என்ற ஓர் இசை வகையே இதை வெட்டி வேகப்படுத்தி எழுந்தது. இன்றைக்கு எந்த இலவசத் தொகுப்பைத் திறந்தாலும் 'ஆமென்' என்று ஒரு கோப்பு இருக்கும்.

கோல்மன் 2006இல் இறந்தார். வீடு வாசல் இல்லாமல், கையில் காசில்லாமல் இறந்தார் என்று குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் சொல்லியிருக்கிறார். ஸ்பென்சருக்கே தங்கள் பாட்டு இப்படி உலகம் சுற்றுவது 1996இல்தான் தெரியவந்தது. 2015இல் இங்கிலாந்தில் இரண்டு டிஜேக்கள் நன்கொடை திரட்டி அவருக்குச் சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். கோல்மனுக்கு அதுவும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குச் செம்புலப்பெயல்நீரார் ஞாபகம் வந்தார். சிரிக்காதீர்கள். குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கு அந்தப் பாட்டை எழுதியவர் பெயர் தெரியவில்லை. என்ன செய்தார்கள்? பாட்டின் சிறந்த தொடரை எடுத்து அவருக்கே பெயராக வைத்து, பின்னால் மரியாதையாக ஓர் 'ஆர்' விகுதியும் சேர்த்தார்கள். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் அப்படி வந்தவர். ஒரு மனிதன் வெட்டி எடுக்கப்பட்ட ஒரு தொடராக மிஞ்சுகிறான், ஆனால் மனிதனாகவே மிஞ்சுகிறான். கோல்மன் விஷயத்தில் இது தலைகீழ். பெயர் தெரிந்தும், கோப்புக்கு வைத்த பெயர் பாட்டினுடையது. டிரம்ஸ்காரரின் பெயர் எங்குமில்லை.

வெட்டுவதை நான் குறை சொல்லவில்லை. வெட்டுவதற்கு எதிராகப் பேச நமக்கு யோக்கியதையும் இல்லை. வளையாபதி என்ற காப்பியம் இன்று நம்மிடம் இருப்பதே புறத்திரட்டு மாதிரியான தொகுப்புகளிலும் உரைகளிலும் யாரோ வெட்டி வைத்த பாடல்களாகத்தான். யாப்பருங்கல விருத்தி எழுதியவர் மேற்கோள் காட்டாமல் போயிருந்தால் எத்தனை நூல்களின் பெயர்கூட மிஞ்சியிருக்காது. உரையாசிரியர்கள் பழைய காலத்து சாம்பிள்காரர்கள். அவர்கள் வெட்டியதால் முழுசு போய்விட்டாலும் துண்டு பிழைத்தது. 'ஆமென், பிரதர்' பாட்டை இன்றைக்கு யாராவது முழுசாகக் கேட்கிறார்கள் என்றால் அந்த ஏழு வினாடிக்காகத்தான்.

அதேபோல, இலவச ஒலி என்றால் மட்டம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' 2007இல் உலகத்தையே ஆட்டிவைத்தது. அதன் டிரம்ஸ் ஆப்பிள் கணினியோடு சும்மா வரும் கராஜ்பேண்ட் மென்பொருளில் எல்லாருக்கும் கிடைக்கிற ஒரு லூப். ரோலண்ட் டிஆர்-808 என்ற இயந்திரம் 1980 முதல் 1983 வரை சுமார் 12,000தான் விற்பனைக்கு வந்தது. அதன் மாட்டுமணி ஒலியைக் கேட்டால் எந்த மாடும் திரும்பிப் பார்க்காது. ஆனால் அது இல்லாத இலவசத் தொகுப்பு ஒன்றை எனக்குக் காட்டுங்கள். இதையெல்லாம் எடுக்கையில் எனக்கு உறுத்தல் இல்லை. 808இல் அடிக்கப்பட்ட தோல் எதுவுமில்லை, அடித்த கையும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ'சலிவனின் பாட்டிலிருந்து எடுத்ததற்காக நியூயார்க்கில் நடந்த வழக்கில், நீதிபதி தீர்ப்பை பைபிளின் திருடாதே கட்டளையோடு தொடங்கினார். அன்றிலிருந்து அனுமதி வாங்காமல் பெரிய கம்பெனிகள் தொடுவதில்லை. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான வருடத்துக்குப் பிறகு 60 ஆண்டு. அந்தக் கணக்கில் 1964இல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டு ஓடும். பழைய தட்டு, பழைய பாட்டு இரண்டும் வேறு வேறு சொத்து.

நம்மிடமிருந்து அவர்கள் எடுக்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறது என்பதும் வேடிக்கை. பிளாக் ஐட் பீஸ் 2003இல் 'எலிஃபங்க்' ஆல்பத்தில் இளையராஜாவின் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாட்டிலிருந்து எடுத்தார்கள். மாயா என்ற மியா 2007இல் 'தளபதி' பாட்டிலிருந்து எடுத்தார். 'நம்ம ராஜா' என்று பகிர்ந்து பகிர்ந்து நாம் மகிழ்ந்தோம். ராஜாவின் பெயர் அப்படிப்பட்டது, யார் எப்படி வெட்டினாலும் அது கூடவே வரும். அந்தப் பாட்டுகளில் வாசித்த தாளக்காரர்களின் பெயரை யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை.

*

பெயரோடு வந்த ஒரு தொகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்ஷய் அனந்தபத்மநாபன் என்ற மிருதங்கக் கலைஞர் மிருதங்க அடிகளைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சிக்காக ஒவ்வொரு அடியாக வாசித்துப் பதிந்தது ஃப்ரீசவுண்டில் இருக்கிறது. 7,162 கோப்புகள். ஆறு சுருதி. பத்து வகை அடி. பீம், சா, தீம், தின், நம், த, தா, தம், தி, தொம்.

என் சேகரிப்பில் நான் அதிகம் ரசிக்கும் கோப்புப் பெயர்கள் இவைதான். பெயரே ஒலி. கோப்புகளின் பட்டியலை வாய்விட்டுப் படித்தாலே தாளம் வருகிறது. சொற்கட்டு என்ற ஒன்று நம்மிடம் இருப்பதால் வந்த வசதி இது: வாசிக்கும் முன்பே அடிக்கு வாயில் ஒரு பெயர் இருக்கிறது. ஒரே 'தொம்'மை இருபது தடவை கேட்டால் இருபதும் வேறு வேறு. சில 'தொம்'களில் விரல் கொஞ்சம் சோம்பல் பட்டிருப்பதாக எனக்கொரு பிரமை. யார் வாசித்தது, எந்தச் சுருதி, எதில் பதிந்தது எல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கூடவே ஒரு குறையையும் சொல்வேன். இது தனியாக இந்தத் தொகுப்பின் குறை இல்லை. டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார், மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி. பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்தால்தான் ஒரு மிருதங்கம். அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது நினைவிருக்கலாம். 7,162 அடியும் ஒலிப்பது யாரோ இழுத்துக் கட்டிய தோலில். எந்தக் கோப்பின் பெயரிலும் அந்தக் கைக்கு இடமில்லை. வாசித்தவர் பெயர் இருப்பதே அபூர்வம் என்ற நிலையில் நாம் இருக்கும்போது இதைக் கேட்பது பேராசைதான்.

இதையெல்லாம் யோசித்து, ரொம்ப உத்தமனாக ஆகி, ஒரு முடிவெடுத்தேன். பறைக்கு இப்படி ஒரு தொகுப்பை நானே செய்யப்போகிறேன். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, சரியான பெயரோடு, வாசித்தவர் பெயரோடு. உரிமம் சிசி ஜீரோ. உலகத்துக்கே கட்டற்றது.

*

எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லப்போவதில்லை, காரணம் கீழே வரும். அறுபதை நெருங்குகிறவர். சாவு வீடுகளுக்கு அடிக்கப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. எப்போதாவது மாட்டுப் பொங்கலுக்கோ கலை நிகழ்ச்சிக்கோ கூப்பிட்டால் போவார். என் தாத்தா அவரை வாடா போடா என்றுதான் பேசுவார். அவரைவிட முப்பது வயது சின்னவனாகிய என் மாமா மகனும் அப்படித்தான். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அதை ஒரு சாதனையாக நினைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு.

நண்பனிடம் ஒரு சூம் ஒலிப்பதிவுக் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். செல்போனில் முதலில் முயன்றேன், அது தானாகவே சத்தத்தைக் குறைத்து, பறையைப் பிளாஸ்டிக் டப்பா ஆக்கிவிட்டது. அவருடைய காலனிக்குப் பின்னால் இருக்கும் புளியமரத்தடியில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார். பறையை நெருப்புக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். விரலால் ஒரு சுண்டு. இன்னும் கொஞ்சம். மறுபடி ஒரு சுண்டு. பிறகு தோளில் மாட்டி, வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சிண்டுக்குச்சி. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே பத்தடி பின்னால் நகர வேண்டியதாயிற்று.

தனித்தனியாக அடியுங்கள் என்று கேட்டேன். ஒரு அடி, பிறகு நிசப்தம், பிறகு ஒரு அடி. அவருக்கு அது பிடிக்கவில்லை. "என்ன தம்பி, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார். நாற்பது அடி முடிந்திருக்கும். நிறுத்திவிட்டார். "சூடு போச்சு." எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அலைவடிவத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் அடியிலிருந்து நாற்பதாவது அடிவரை சுருதி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தோல் ஆறுகிறது. ஒரு மாத்திரை அளவு இறக்கம்கூட அவர் காதுக்குப் பட்டிருக்கிறது. நான் இறக்கிய எந்தப் பறைக் கோப்பிலும் ஆறிய அடி கிடையாது. தொகுக்கிறவர்கள் நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு மந்தமானதை அழித்துவிடுகிறார்கள். அதனால் கணினியில் பறை எப்போதும் நெருப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆறுவதும் மறுபடி காய்ச்சுவதும் அந்த வாத்தியத்தின் பாதி. ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிப்பது, பேசுவது, சண்டை போடுவது எல்லாம் அந்த இடைவெளியில்தான்.

அடுத்த வாரம் ஒரு பீட் போட்டு எடுத்துப்போய் அவருக்குக் கேட்கக் கொடுத்தேன். அவருடைய அடிதான், பதினாறு கட்டத்தில் அடுக்கியது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் கேட்டார். பேரன் போனில் பாட்டுக் கேட்கும் பழக்கம் உள்ளவர்தான், ஒன்றும் தெரியாதவர் இல்லை. கழற்றிக் கொடுத்தபோது சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் மூச்சே விடலயேப்பா."

இவன் என்றார். நான் என்று சொல்லவில்லை.

பிறகு உரிமம் பற்றிப் பேசினேன். அன்றைக்கு ஒரு நாள் நிகழ்ச்சிக்கு என்ன வாங்குவாரோ அதைக் கொடுத்திருந்தேன், அதில் அவருக்குக் குறையில்லை. உங்கள் பெயரைப் போடுகிறேன் அண்ணே, உலகம் பூரா தெரியும் என்றேன். கோல்மன் கதையைக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "பேரு வேணாம். ஊரு பேரும் போடாத." மகன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். வாடகை வீடு. அங்கே யாருக்கும் இவர்கள் யாரென்று தெரியாது. "எம்பேரப் போட்டு பறைன்னு போட்டா, எவனாவது தேடிப் பாத்தா அவனுக்குத் தெரிஞ்சிரும்ல?"

பெயர் சொல்வதே நியாயம் என்று கிட்டத்தட்ட ஒரு கட்டுரையே மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன். நீங்கள் மேலே படித்ததில் பாதி அதுதான். அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன், கோல்மன் விஷயத்தில் அது இன்னும் சரி என்றுதான் படுகிறது. ஆனால் பெயர் போடுவது கௌரவம் என்று நினைக்க, பெயர் தெரிந்ததும் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லாத இடத்தில் பிறந்திருக்க வேண்டும்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னால் இன்னும் பதில் சொல்ல முடியாத கேள்வி.

"இத யாரெல்லாம் எடுத்துக்கலாம்?"

"யாரு வேணாலும் எடுக்கலாம்ணே. அதான் இதுல விசேஷமே. காசு கேக்க மாட்டோம், கேள்வி கேக்க மாட்டோம்."

கொஞ்ச நேரம் நெருப்பு எரிந்த இடத்துச் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊர்க்காரங்களுமா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அவங்களும் ஓசிலதான் எடுத்துக்குவாங்களா?"

அவருடைய அப்பா காலத்தில் ஊரில் யார் செத்தாலும் போய் அடிக்க வேண்டும். கூலி என்று பேச முடியாது. கொடுப்பது நெல்லோ, கஞ்சியோ, சாராயக் காசோ. வரமாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு ஊரில் கதைகள் இருக்கின்றன, அந்தக் கதைகளில் என் குடும்பத்து ஆட்களும் வருகிறார்கள். அவர் சாவுக்கு அடிப்பதை நிறுத்தியதே பெரிய சண்டையாகி, பஞ்சாயத்தாகி, ஒரு வருடம் எங்கள் தெருக் கடையில் அவர்களுக்குச் சாமான் கொடுக்காமல் ஓடியது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். ஆக, ஒரு தலைமுறை முழுக்க ஓசியில் எடுக்கப்பட்ட ஓர் ஓசையை, மிகவும் கஷ்டப்பட்டு அவர் 'கூப்பிட்டால், கூலி பேசினால் மட்டும்' என்று ஆக்கி வைத்திருக்கிறார். அதை நான் நவீனமான ஒரு சொல்லோடு மறுபடி எல்லாருக்கும் சும்மா ஆக்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். கட்டற்ற என்ற சொல்லை அவரிடம் எப்படிச் சொல்வதென்று நான் யோசித்தேன். கட்டி வைத்தவர்கள் பக்கத்திலிருந்து வந்தவன் நான்.

நண்பர்களிடம் சொன்னால் ஆளுக்கொரு யோசனை. வணிகம் கூடாது என்ற உரிமம் போடு என்றான் ஒருவன். ஊர்த்திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டிப் போடுவது வணிகமா? புனைபெயர் வை என்றாள் ஒருத்தி. இது பரவாயில்லை. குறுந்தொகைக்காரர்கள் செய்த மாதிரி, அவர் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்தே ஒரு பெயர். மூச்சுவிடாதவனார். அவரிடம் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேலி என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

இப்போதைக்கு 212 கோப்புகளும் என் கணினியில் ஒரு கோப்புறையில் இருக்கின்றன, வேறெங்கும் இல்லை. பெயர்களை மட்டும் அவரிடம் கேட்டுக் கேட்டு வைத்தேன். அடிக்குச்சி, சூடு. அடிக்குச்சி, சூடு இறங்கியது. சிண்டு, ஓரம். சிண்டு, நடு. காய்ச்சும்போது சுண்டிப் பார்த்தது ஒன்று, இரண்டு, மூன்று. வைக்கோல் எரியும் ஒலி தனியாக. ஆறிய அடிகளில் ஒன்றையும் அழிக்கவில்லை. 'ட்ரைபல் ட்ரம் 04' இன்னும் அந்தப் பழைய கோப்புறையில்தான் கிடக்கிறது. அதை அழிக்கவும் மனசு வரவில்லை. அந்த நான்காம் எண்ணும் எந்த ஊரிலோ யாருக்கோ அண்ணனாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார்.

"அந்தப் பாட்டு முடிஞ்சுதா தம்பி?"

"இன்னும் இல்லண்ணே. யோசிச்சிக்கிட்டே இருக்கேன்."

"யோசிச்சிக்கிட்டே இருந்தா? ஒருநா வா, இன்னொரு தடவ காய்ச்சி அடிச்சிரலாம். போன தடவ வைக்கோல் ஈரம், சூடே பத்தல." பிறகு, போனை வைக்கும் முன்: "கூலி போன தடவ குடுத்ததுதான். மறந்துராத."